போனில் காடு, கடதாசியில் ஊர்

புத்தளத்தில் பிறந்து வளர்ந்த என் மருமகன் முதன்முறையாகத் தன் வாப்பாவின் ஊரைப் பார்க்க முசலிக்குப் புறப்பட்டான். வாப்பா மௌத்தாகிவிட்டார். அவர் அடிக்கடி சொல்லும் குளத்தின் பெயர் மட்டும் அவனுக்குத் தெரியும். அதை கூகுள் மெப்பில் தட்டினான். வேறொரு மாவட்டத்தில் அதே பெயருள்ள குளத்துக்கு வழி காட்டியது. முசலியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் பச்சை நிறம்தான். "மாமா, அங்க ஊரே இல்லையே" என்று போன் எடுத்தான்.

அவன் திரும்பி வந்ததும் என்னிடமிருந்த பழைய ஓரங்குலப் படத்தை மேசையில் விரித்தேன். நில அளவைத் திணைக்களம் நாடு முழுவதற்கும் 72 தாள்களில் வெளியிட்ட வரிசை அது. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஓரங்குலம், அதாவது 1:63,360. அவன் தேடிய குளம் அதில் நீலமாக இருந்தது. பக்கத்தில் ஊரின் பெயர், வண்டில் பாதைக்கு முறிகோடு, பள்ளிவாசலுக்கு ஒரு சிறிய குறி. பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன் பொய் சொல்லவில்லை. செய்மதிப் படம் எடுத்த நாளில் நிலத்தின் மேல் என்ன இருந்ததோ அதையே காட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2009 இல் யுத்தம் முடியும் வரை பெரும்பாலானோரால் திரும்ப முடியவில்லை. பத்தொன்பது வருடம் மனிதர் நடமாடாத வளவில் பற்றையும் மரமும் வளரத்தான் செய்யும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது காடு. கடதாசிப் படமோ அளவையாளர் நிலத்தில் நடந்து, ஊராரிடம் பெயர் கேட்டு வரைந்தது. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டு வெவ்வேறு காலங்களின் உண்மை. அதனால் எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வருடத்தைத்தான். போனில் அந்த வருடம் எளிதில் கண்ணில் படுவதில்லை.

இது வெறும் பழைய நினைவு சம்பந்தப்பட்ட விடயமல்ல. 2012 ஒக்டோபரில் மரிச்சுக்கட்டி - கரடிக்குளிப் பகுதியும், 2017 மார்ச்சில் மாவில்லு என்ற பெயரில் பரந்த நிலமும் வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 'வில்பத்துப் பிரச்சினை' என்று நாடே பேசிய காலத்தில் தொலைக்காட்சிகளில் மேலிருந்து எடுத்த படங்கள்தான் திரும்பத் திரும்ப ஓடின. பழைய தாளை விரித்துக் காட்டி, இங்கே குளமும் பாதையும் குடியிருப்பும் இருந்தன என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஓரங்குலப் படம் உறுதி அல்ல. அங்கே ஊர் இருந்தது என்பதை அது சொல்லும். இந்த வளவு இன்னாருடையது என்று சொல்லாது. அதற்கு உறுதியும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமும், காணித் துண்டுகளை இலக்கமிட்டுக் காட்டும் அளவைப் படமும் வேண்டும்.

பழைய தாளில் அளந்த இடத்தைப் போனில் தேடுகிறவர்கள் வழமையாகச் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. நமது பழைய படங்கள் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவளையை அடிப்படையாகக் கொண்ட அளவை முறையில் வரையப்பட்டவை. போனின் ஜீ.பி.எஸ். உலகப் பொது முறையான டபிள்யூ.ஜீ.எஸ். 84 இல் இயங்குகிறது. எண்களை அப்படியே மாற்றிப் போட்டால் வேறொருவர் வளவில் போய் நிற்பீர்கள். இரண்டிலும் மாறாமல் இருக்கும் அடையாளங்களை, அதாவது குளக்கட்டு, பாதைச் சந்தி, ஆற்று வளைவு போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தூரத்தை அளப்பதே பாதுகாப்பானது. புதிய 1:50,000 படத்தில் இது இன்னும் சுலபம், இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். சாதாரண தரப் புவியியல் வினாத்தாளில் வரும் அதே படம்தான். பரீட்சையோடு நாம் மடித்து வைத்துவிடுகிறோம்.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜீ.பி.எஸ். வேலை செய்யும்; செய்மதிக்கு சிம் தேவையில்லை. வராமல் போவது படம் மட்டும்தான். அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். மருமகன் இரண்டாவது தடவை போனபோது அப்படித்தான் செய்தான். கையில் தாளின் போட்டோப் பிரதி, பையில் போன்.

குளக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கிருந்து பள்ளி இருந்த இடத்துக்கும் நடந்திருக்கிறான். இப்போது வாரந்தோறும் புத்தளத்தில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் அந்தப் பிரதியைக் கொண்டுபோகிறான். மையவாடி எங்கே, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே, யாருடைய வளவுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பென்சிலால் குறிக்கிறான். தாளில் இல்லாத பெயர்கள் பதினேழு சேர்ந்திருக்கின்றன. ஒரு கிணறு பற்றி மட்டும் இரண்டு பெரியவர்களுக்கிடையில் இன்னும் தகராறு தீரவில்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.