பழைய காலத்து உடைக்குத் துணி தேடி ஜவ்வாது மலை ஏறலாம்... தெரியுமா?

1,400 வருடத்துக்கு முந்தைய வீரன் ஒருவனின் உடையை அப்படியே மறுபடி உருவாக்க வேண்டும். அதே மாதிரித் துணி! அதே மாதிரிச் சாயம்! அதே மாதிரித் தோல் செருப்பு! எங்கே போய்த் தேடுவீர்கள்? சென்னைக்கா? லண்டன் மியூசியத்துக்கா? முதலில் திருப்பத்தூரில் இறங்கி, எதிரே நிற்கும் ஜவ்வாது மலையை அண்ணாந்து பாருங்கள்! பாதி விடை அங்கேதான் இருக்கிறது!

கல்லில் தேதி போட்ட உடை!

துணி மக்கிப்போகும். கல் மக்குமா? திருப்பத்தூர், செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீரன் இடுப்பில் எவ்வளவு துணி, முழங்காலுக்கு எவ்வளவு மேலே, கச்சையில் குறுவாள் எப்படிச் செருகியிருக்கிறது, கொண்டை எந்தப் பக்கம்... எல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! பல கற்களில் எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வட்டெழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்! தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால், ஒரு பழங்கால உடை ஆல்பத்தையே புரட்டுகிற மாதிரி இருக்கும்!

நாய்க்கும் ஒரு கல்! பேரோடு!

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிற நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? கோவிவன்! திருடர்களைக் கடித்துக் குதறிய நாய்! முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று கல்லே சொல்கிறது. அப்படியானால் அந்த வீரன் உடுத்தியிருப்பது எந்தக் காலத்து உடை? 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம்! இதைவிடத் துல்லியமான ஆதாரம் வேண்டுமா?

கல்லில் நிறம் இல்லையே? குகைக்குள் இருக்கிறதே!

திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூர்ப் பக்கம், மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகை. அங்கே 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள்! சித்தன்னவாசலுக்கு உறவு சொல்லும் தாமரைக் குளம்! கிடாமேல் ஏறி வரும் அக்னி! இன்னொரு அதிசயம் தஞ்சைப் பெரிய கோயிலில். 1931இல் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் எஸ்.கே. கோவிந்தசாமி என்பவர் என்ன கண்டார் தெரியுமா? ஒளிந்துகிடந்த சோழர் கால ஓவியங்கள்! ஆடும் பெண்கள் கட்டிய துணி வரை வண்ணத்தில்!

ஒரே காய்... இரண்டு மாயம்!

ஜவ்வாது மலைக்காரர்கள் காட்டில் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் கடுக்காயை மருந்து என்று மட்டும்தானே நினைத்தீர்கள்? சாயக்காரர்களுக்கு அது உயிர்! வெள்ளைத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். இளமஞ்சளாக இருக்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தொட்டு அதன்மேல் ஒரு கோடு இழுங்கள். தண்ணீர் பழுப்பு நிறம்தான்... ஆனால் துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கும்! அழியாத கறுப்பு! படிகாரம் தொட்டுச் சாயவேரில் காய்ச்சினால்? அதே துணி சிவக்கும்!

எருமைப் பாலில் ஊறிய துணியா?

ஆமாம்! பூ எழுதும் துணியைக் கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்த்து நனைப்பார்கள். எதற்கு? எழுதும் சாயம் கோடு தாண்டிப் பரவாமல் இருக்க! இந்த ரகசியத்துக்காக ஐரோப்பாவே ஏங்கியது தெரியுமா? நம் துணி அங்கே அவ்வளவு விற்றதால் 1686இல் பிரான்ஸ் தடையே போட்டது! ஆனாலும் ஆசை விடுமா? 1734 வாக்கில் பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். மொத்தம் 11 துண்டுகள்! இன்னும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன! 1742இல் கோர்து பாதிரியார் செய்முறை முழுவதையும் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார்! நம் சாயக்காரர் கைப்பக்குவத்தை இன்று நாமே அந்தத் துண்டுகளையும் கடிதத்தையும் பார்த்துத்தான் சரிபார்க்கிறோம்!

பச்சையாக வெளியே வந்து நீலமாக மாறும் சேலை!

நம்ப முடிகிறதா? அவுரித் தொட்டியில் முக்கி எடுத்த துணி முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல நீலமாகும்! இன்னும் ஆழமான நீலம் வேண்டுமா? மறுபடி முக்கு, மறுபடி காற்றில் விரி! திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது! சாயவேர் எங்கே கிடைக்கும்? கடலோர மணலில்! மலைக் கடுக்காயும் கடற்கரை வேரும் சந்தித்தால்தான் அந்தச் சிவப்பு!

1856... இந்த எண்ணை மறக்காதீர்கள்!

ஏன்? பெர்கின் என்ற 18 வயதுப் பையன் லண்டனில் மலேரியா மருந்து செய்யப்போய், தவறுதலாக ஊதாச் சாயம் செய்துவிட்ட வருடம்! உலகம் முழுக்கப் பரவிய முதல் செயற்கைச் சாயம் அதுதான்! 1869இல் செயற்கைச் சிவப்பு, 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு! அதற்கு முந்தைய உடை என்றால்? வேர், இலை, பட்டை, பூ, பூச்சி, மண்... இவை தந்த நிறம் மட்டும்தான்! கட்டபொம்மன் வேஷத்துக்குப் பளீர் பிங்க் துணி எடுக்கலாமா? சொல்லுங்கள்!

செருப்புக்கு ஆவாரம் பட்டை!

ஆம்பூர், வாணியம்பாடி என்றால் உலகமே அறிந்த தோல் ஊர்கள். ஆனால் அன்று தோலைப் பதப்படுத்தியது எது? சாலையோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைச் செடியின் பட்டை! கூடவே... மறுபடியும் கடுக்காய்! அப்படிப் பதப்படுத்திய தோல் லண்டன் சந்தை வரை போனது! குரோம் உப்பால் தோலைப் பதப்படுத்தும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னைக்குக் கொண்டுவந்ததே 1903இல்தான். ஆகவே பழைய காலத்துச் செருப்பு வேண்டுமா? பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் எங்கே என்று கேளுங்கள்!

நூல் முறுக்கு ஊர் சொல்லும்!

எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரெனிகே. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த பருத்தித் துணிகள் இந்தியாவிலிருந்து போனவை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? முறுக்கை வைத்து! நூலை நிமிர்த்திப் பிடித்து லென்ஸில் பாருங்கள். இழை கீழே இடமிருந்து மேலே வலமாக ஏறுகிறதா? அது நம் ஊர்ப் பழக்கம்! எகிப்துக்காரர்கள் முறுக்கியது எதிர்ப்பக்கம்! கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தனவே, நினைவிருக்கிறதா? அதைவிடப் பழைய இழையும் உண்டு! பலூசிஸ்தானின் மெஹர்கரில் ஒரு செப்பு மணிக்குள் பருத்தி இழை 7,000 வருடத்துக்கு மேலாகப் பிழைத்துக் கிடந்தது! காப்பாற்றியது எது? செம்பின் களிம்பு!

அன்றைய பருத்தி இன்று கடையில் எளிதில் கிடைக்காது!

ஏன்? இன்று இந்தியாவில் விளைவது பெரும்பாலும் அமெரிக்க இனப் பருத்தி! நீள இழை, ஆலைக்கு ஏற்றது. நம் பாட்டன்மார் உடுத்தியது நாட்டுப் பருத்தி. குட்டை இழை! கை ராட்டைக்குப் பொருத்தம்! தமிழ்நாட்டின் கருங்கண்ணிப் பருத்தியைச் சில உழவர்கள் மறுபடி விதைக்கிறார்கள். அதைக் கையால் நூற்று, பாவுக்குக் கஞ்சி போட்டு, கைத்தறியில் நெய்தால்... பழைய துணிக்கு இதைவிட நெருக்கமாகப் போக முடியுமா?

ஆலை வீட்டுப் பிள்ளை கட்டிய கதர்!

1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ‘பெரியண்ணன்’ ஜேசுதாசன், ‘சின்னண்ணன்’ ஃபாரஸ்டர் பேட்டன். சின்னண்ணன் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை! அவர் இங்கே வந்து உடுத்தியது எதை? கையால் நூற்ற கதர்!

360 புத்தகங்கள்... ஒட்டியிருப்பது துணி!

1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 700 இந்தியத் துணிகளை வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டினார். அதில் 20 செட்! கணக்குப் போடுங்கள்... 14,000 துண்டுகள்! தலைப்பாகை முதல் சேலை வரை! ஜவ்வாது மலைப் பக்கத்து ஆரணி இன்று பட்டுக்குப் பேர் போனது, சரி. அன்று எதற்குப் பேர் போனது தெரியுமா? மெல்லிய மஸ்லினுக்கு! இன்னொன்றும் கேளுங்கள். 1837இல் மதுரையில் உருவான ஓர் ஆல்பத்தில் 72 கைவண்ணப் படங்கள். யார் என்ன உடுத்தினார்கள் என்று ஜோடி ஜோடியாக! இருப்பது எங்கே? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில்!

கடைசி அதிசயம்... உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்!

பாட்டியின் பழைய ரவிக்கை இருக்கிறதா? வெளியே வெளுத்திருக்கும். தையலின் உள்மடிப்பை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெயிலே படாத அசல் நிறம் அங்கே பளிச்சென்று சிரிக்கும்! ஒரு அட்டையில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி, பழைய சேலைமேல் வைத்து, குண்டூசி முனையால் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுங்கள். அதே சேலையை மறுபடி நெய்ய நெசவாளருக்கு முதலில் வேண்டியது அந்த எண்ணிக்கைதான்!

“பழைய பட்டுச் சேலை எடுக்கிறதேய்...” என்று தெருவில் குரல் கேட்டதுண்டா? வாங்கிப்போனவர்கள் அதை என்ன செய்வார்கள் தெரியுமா? எரிப்பார்கள்! ஜரிகையிலிருக்கும் வெள்ளிக்காக! ஒரு பிடி வெள்ளி மிஞ்சும். நிறம், நெசவு, முந்தானைக் கோலம்... எல்லாம் சாம்பல்! எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு சேலை அப்படிப் போயிருக்கிறது. அதன் பார்டர் எப்படி இருந்தது என்று இன்று யாருக்குமே நினைவில்லை!

நடுகல் வீரன் 1,400 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று தன் உடையைக் காட்டிக்கொண்டிருக்கிறான். நம் பாட்டியின் சேலை கேட்பது அவ்வளவு இல்லை. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, வருடத்துக்கு இரண்டு தடவை மடிப்பு மாற்றி வைத்தால் போதும்! அடுத்த முறை அந்தக் குரல் கேட்கும்போது கதவைத் திறக்காதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறங்கள்!