சிக்னல் ஃபுல்லு... நெட்டு மட்டும் நில்லு!

ராத்திரி பதினொன்றரை மணி. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். மார்க் ஷீட்டை அப்லோட் பண்ணினால் வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. வை-ஃபை சிக்னலோ ஃபுல்! 'இந்த போன் அவ்ளோதான், புதுசு வாங்கணும்'னு வீட்டில் அடி போடக் கிளம்பிடுவீங்களே? கொஞ்சம் பொறுங்க பாஸ். அப்பா பணத்தை எண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி, வியாதி எங்கேன்னு கண்டுபிடிச்சிடலாம். (அவசரத்துக்கு வை-ஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்க. ஸ்கேன் ஃபைலையும் சின்னதாக்குங்க.)

வேலூர் லாங் பஜாரையே எடுத்துக்குவோம். சாயங்காலம் அங்கே போனவங்களுக்குத் தெரியும், தோளோடு தோள் இடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். காற்றிலேயும் அதே நெரிசல்தான்! கடைக்கு ஒரு ரூட்டர், மாடிக்கு ஒரு ரூட்டர். வை-ஃபை உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே சேனலில் ஒருத்தர் பேசினால் மத்தவங்க வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும். பக்கத்துக் கடை ரூட்டர் பேசினாலும் உங்க போன் காத்திருக்கும். சிக்னல் ஃபுல்லுன்னா 'ரூட்டர் சொல்றது நல்லா கேட்குது'ன்னு மட்டும்தான் அர்த்தம். பேசுறதுக்கு உங்களுக்கு முறை வரும்னு அர்த்தமில்லை!

2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் பழைய பாதை. இந்தியாவில் 2005-லேயே லைசென்ஸ் தேவையில்லைன்னு திறந்துவிட்டாங்க. பெயருக்கு 13 சேனல் இருந்தாலும் ஒன்றோடு ஒன்று இடிக்காதது 1, 6, 11 என மூன்றே மூன்று. ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இதே பாதையில்தான் குறுக்கே வரும். 2018-ல் தாராளமாகத் திறந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் பாதை அகலமானது, கூட்டமும் குறைவு. ஆனா சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துடும். அதனால ரூட்டர் இருக்கிற அறையில் 5, தூரத்து அறைக்கு 2.4 என்று வெச்சுக்கோங்க. ரூட்டரை பீரோ மேலேயும் இரும்பு ஷட்டருக்குப் பின்னாலேயும் வைக்கிற பழக்கத்தை முதல்ல விடுங்க. இரும்பு அலையை அப்படியே திருப்பி அனுப்பிடும்.

சரி, சோதனை? ரொம்ப சிம்பிள். ரூட்டர் பக்கத்துலயே உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்க. டிராயின் 'மைஸ்பீடு' ஆப் இருக்கு. அங்கே வேகமா வந்து, உங்க ரூமில் மட்டும் இழுத்தால் தப்பு காற்றில். ரூட்டர் பக்கத்திலும் எல்லா போனும் இழுத்தால் லைனில் சந்தேகம். ஒரு லேப்டாப்பை ரூட்டரில் கேபிளால் மாட்டிப் பாருங்க. அப்பவும் இழுத்தால் கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனா ஒண்ணு, 40 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு நொடிக்கு 40 எம்பி இறங்கலைன்னு சண்டைக்குப் போகாதீங்க. அது மெகாபிட். எட்டால வகுத்தா 5 எம்பிதான் வரும்!

ஃப்ரெண்டு போன் பறக்குது, உங்களுது மட்டும் படுத்திருக்கா? அப்போ தப்பு உள்ளேதான். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் ரெண்டும் பின்னாடி சத்தமில்லாம ஓடும். நிறுத்துங்க. எப்பவோ போட்ட இலவச விபிஎன் இன்னும் ஓடுதான்னு பாருங்க. நிறைய பேர் இதை மறந்தே போயிடறாங்க. அப்புறம் வை-ஃபையை 'மறந்துவிடு' கொடுத்து, புதுசா பாஸ்வேர்டு போட்டு இணைங்க.

மொபைல் டேட்டான்னா முதல்ல பார்க்க வேண்டியது அன்றைய கோட்டா. தீர்ந்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிடும். ஒரு எம்பி போட்டோ வரவே 2 நிமிஷம் ஆகும்! கோட்டா இருந்தும் பஜார் நேரத்தில் இழுக்குதுன்னா டவரை எல்லாரும் பங்கு போடுறாங்க. அடுத்த தெருவுக்கு நடந்து பாருங்க.

இவ்வளவும் பார்த்துட்டு 'புது போன்தான்'னு முடிவு பண்ணிட்டீங்களா? பெட்டியில் '802.11 பி/ஜி/என்' என்று மட்டும் இருந்தால் யோசிங்க. அது பெரும்பாலும் 2.4-ல் மட்டுமே ஓடும். 'ஏசி' என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடைக்கும்.