நிழலை நிழலாக விடும் கலை

மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலின் தூண் வரிசைக்குள் உச்சிப் பொழுதில் நின்று, வெயில் கொட்டிக் கிடக்கும் நடு முற்றத்தை நோக்குகிறவனுடைய கண்கள், முற்றத்தின் பிரகாசத்தையும் விதானத்து மூலைகளில் படிந்த இருளையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் இசைந்த ஒரே காட்சியை மனத்தில் அமைத்துக்கொண்டு விடுகின்றன. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முற்றத்துக்கு ஏற்ற ஒளியளவில் எடுத்தால், தூண்கள் கரிய கம்பங்களாகி, வளைவுகளின் சுதை வேலைப்பாடு இருளில் மறைந்துபோகிறது. தூண்களுக்கு ஏற்ப எடுத்தாலோ, முற்றமும் வானமும் வெறும் காகிதம்போல் வெளுத்துவிடுகின்றன.

இந்தச் சங்கடம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1850-களில் பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ க்ரே கடற்காட்சிகளை எடுக்கப் புகுந்தபோது, நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி ஏற்கும் அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில், கடல் துலங்கும்படி எடுத்தால் வானம் மேகமின்றி வெளுத்தது. ஆகவே அவர் வானத்துக்கு ஒரு நெகடிவும் கடலுக்கு மற்றொரு நெகடிவுமாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே படமாக அச்சிட்டார். ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் எடுத்து ஒன்றாக்கும், இன்று ஹெச்.டி.ஆர். என்று நாம் வழங்கும் முறைக்கு மூலக் கருத்து இதுவே. 1997-ஆம் ஆண்டில் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் மெய்யான ஒளி விகிதங்களைக் கணித்தெடுக்கும் வழியை வெளியிட்ட பின், அது கணினியில் வேரூன்றியது.

எடுக்கும் விதம் கடினமன்று. காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை மாற்றாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு, 125-இல் ஒரு பங்கு, 30-இல் ஒரு பங்கு என்று மாற்றி மூன்று படங்கள் எடுத்தால், ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் சுமார் நான்கு மடங்கு ஒளியைப் பெறும். துவாரத்தை மாற்றினால் எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழும் என்பதும் மாறிவிடுமாதலால், அதைத் தொடலாகாது.

விவேகம் வேண்டியிருப்பது அதற்குப் பின்னரே. அம்மூன்று படங்களையும் கணினியில் இணைத்துச் சேகரித்த விசாலமான ஒளி வீச்சு முழுவதையும், ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே உள்ள சாதாரண ஜேபெக் படத்துக்குள், அல்லது அதனினும் குறுகிய வீச்சுடைய அச்சுத் தாளுக்குள், சுருக்கி அடக்கியாக வேண்டும். அப்போது எல்லா இருளையும் அகற்றிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழுகிறது. அதற்கு இடங்கொடுத்த படத்தை அருகில் வைத்துப் பாருங்கள்: வளைவின் விளிம்பு வானத்தைத் தொடுமிடத்தில் வெளிறிய வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், வெண்மேகம் புகைபடிந்ததுபோல் அழுக்கேறியிருக்கும், மூலையிலிருந்து பலவந்தமாக இழுத்து வரப்பட்ட நிழலில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் மொய்த்திருக்கும்.

நான் கைக்கொள்ளும் கிரமம் எளியது. வெயில் படும் சுவரில் காரையின் சொரசொரப்புத் தெரியும் வரை பிரகாசமான பகுதிகளைத் தணிப்பேன். தூணின் அடிப்பீடம் கண்ணுக்குப் புலனாகும் வரை நிழலை உயர்த்தி, அங்கேயே நிறுத்திவிடுவேன். பின்பு படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்பு நெடுகிலும் வளையம் உண்டா என்று பார்த்து, மறுநாட் காலையில் புதிய கண்களோடு மீண்டும் ஒருமுறை நோக்குவேன். முதல் நாள் அழகென்று தோன்றிய வர்ணம் மறுநாள் மிகையென்று புலப்படுவதுண்டு.

வெயிலில் நடந்து வந்து அந்தத் தூண்களுக்கிடையே நுழைகிறவனுக்கு முதலில் கிடைப்பது நிழலின் குளிர்ச்சியே. படத்தைக் காண்பவனுக்கும் அது கிடைக்க வேண்டுமானால், விதானத்தின் மூலையில் இருள் சற்றேனும் தங்கியிருக்க வேண்டும்.