கடலடி எரிவாயுக் குழாயில் கசடு அகற்றுவது எப்படி?

நார்வேயின் நைஹாம்னாவிலிருந்து இங்கிலாந்தின் ஈசிங்டன் வரை, வட கடலுக்கு அடியில் லாங்கெலெட் எரிவாயுக் குழாய் கிடக்கிறது. நீளம் 1,166 கிலோமீட்டர். நடுவில் கடலில் நிற்கும் ஸ்லைப்னர் மேடை ஒன்றைத் தவிர, வழியில் எங்கும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட குழாய்களில் கசடு சேர்ந்தால் வெளியேற்றுவது எப்படி?

வேலையை வாயுவே செய்துவிடும். 'பிக்' என்ற கருவியைக் கரையில் உள்ள செலுத்து அறையில் வைத்துக் கதவை மூடுவார்கள். அதன் பாலியூரித்தேன் வட்டுகள் குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கும். பின்னால் வரும் வாயு, ஊசிக்குழலின் பிஸ்டனைப் போல அதை முன்னே தள்ளும். எஃகுத் தூரிகைகள் சுவரைச் சுரண்டும், காந்தங்கள் இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால் லாங்கெலெட் அளவு தூரத்தைக் கடக்க நாலரை நாளாகும்.

உள்ளே சேர்வது என்ன? குழாய் பதித்தபோது தங்கிய வெல்டிங் கசடு, கம்ப்ரசர் எண்ணெய், கிணற்று மணல். இவற்றோடு இரும்பு ஆக்சைடும் இரும்பு சல்பைடும் கலந்த கரும்பொடியும் உண்டு. ஈரம் இருந்தால் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் ஆகிவிடும். அதைத் தடுக்கக் கிளைக்கால் என்ற திரவத்தைச் செலுத்துவார்கள்.

பெருங்கேடு அவசரத்தால் வரும். பல ஆண்டுக் கசடை ஒரே ஓட்டத்தில் தள்ளினால் அது பிக்குக்கு முன்னால் குவிந்து இறுகி, கடலடியில் கருவியே சிக்கிக்கொள்ளும். அதை மீட்கக் குழாயை வெட்ட வேண்டிய நிலைகூட வரலாம். அதனால் முதலில் மென்மையான நுரைப் பஞ்சு பிக்கை அனுப்புவார்கள். அது எவ்வளவு தேய்ந்து வருகிறது, எவ்வளவு கசடு கொண்டுவருகிறது என்று பார்த்தபிறகே தூரிகை வைத்தது போகும். பிக்கின் உடலில் துளைகள் விடுவதும் உண்டு. அவற்றின் வழியே பீறிடும் வாயு, கசடை இறுக விடாமல் முன்னே பறக்கவிடும்.

மறுகரையில் பெறும் அறையைத் திறக்கும் தொழிலாளியை நாம் மறந்துவிடக் கூடாது. உலர்ந்த இரும்பு சல்பைடு காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும். அறையில் அழுத்தம் மிச்சமிருந்தால் கதவே ஆளைக் கொன்றுவிடும். அழுத்தம் முழுதும் வடிந்ததை உறுதிசெய்து, நைட்ரஜனால் வாயுவை வெளியேற்றி, கசடைத் தண்ணீரால் நனைத்த பிறகே கதவைத் தொட வேண்டும். அள்ளிய கசடும் ஈரம் காயாமல் மூடிய கலனில்தான் போக வேண்டும். எத்தனை அவசரமானாலும் இதில் ஒரு படியைக்கூடத் தாண்ட எந்த மேலாளருக்கும் உரிமை இல்லை.