மழை நாளில் முகம் காட்டும் லைக்கன்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரக் காடுகளில் ஜெல்லி லைக்கனைத் தேடுகிறவர்களுக்கு நல்ல நாள் என்றால் மழை நாள்தான். வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அது மரப்பட்டையில் ஒட்டிய கருகிய காகிதத் துணுக்கு போலிருக்கும். பழகிய கண்கூடத் தாண்டிப் போய்விடும். நனைந்தால் உப்பி, வழவழப்பாகி, ஆலிவ் பச்சையோ கரும்பழுப்போ காட்டும். வெயில் நாளில் போகிறவர்கள் கையில் தண்ணீர் தெளிப்பான் இருக்கும்.

நம் சமையலில் சேரும் கல்பாசியும் லைக்கன்தான். அதன் உடலில் மேல்தோல், அதன்கீழ்ப் பச்சைப் பாசி, அடுத்துப் பூஞ்சை இழைகள் என்று அடுக்குகள் உண்டு. ஜெல்லி லைக்கனில் அந்த ஒழுங்கு கிடையாது. பூஞ்சையோடு அதில் குடியிருப்பது பச்சைப் பாசி அல்ல, நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா. மணிமணியாகக் கோத்த அதன் சரங்கள் கூழ் முழுவதும் சிதறிக் கிடக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் அதுதான். பச்சைப் பாசி கொண்ட லைக்கன்கள் ஈரக்காற்று பட்டாலே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நாஸ்டாக்குக்கு அது போதாது, நிஜமான தண்ணீர் வேண்டும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அந்தக் கரையில் ஜெல்லி லைக்கன் செழிப்பதில் வியப்பில்லை.

மழை மட்டும் இருந்தால் ஆயிற்றா? பட்டையும் ஒத்துவர வேண்டும். ஓக், பிர்ச் மரங்களின் பட்டையில் பொதுவாக அமிலம் அதிகம். ஆஷ், ஹேசல், எல்ம் பட்டைகளில் குறைவு; ஜெல்லி லைக்கனுக்கு ஒத்துவருவது இவைதான். ஆகவே முதலில் மரத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். நுரையீரல் போல மேடுபள்ளமான லோபேரியா புல்மோனேரியா என்ற இன்னொரு லைக்கன் ஒரு மரத்தில் தென்பட்டால், அதே மரத்தைச் சுற்றி வந்து நிதானமாகத் தேடலாம்.

எந்த இனம் என்று சொல்வதுதான் கஷ்டம். மற்ற லைக்கன்களில் ரசாயனத்தைச் சொட்டி நிறமாற்றம் பார்ப்பார்கள்; இங்கே பெரும்பாலும் எந்த நிறமும் வராது. கைலென்ஸ்தான் கதி. கொப்புளம் எழும்பிய மேற்பரப்பில் செம்பழுப்புக் கிண்ணங்கள் நெருக்கமாக இருந்தால் கொலீமா நிக்ரெசென்ஸ். கிண்ணங்களே அரிதாகி, மேடுகள் மீது இசிடியா எனும் நுண்முளைகள் மண்டியிருந்தால் கொலீமா ஃபர்ஃபுரேசியம். முளைகள் உருண்டையாகவும் பரப்பு மேடின்றி வழவழப்பாகவும் இருந்தால் கொலீமா சப்ஃப்ளாக்சிடம். ஜாடையில் ஒத்த லெப்டோஜியம் என்ற பேரினத்தைப் பிரிக்க நுண்ணோக்கியே வேண்டும்: அதற்கு ஒற்றைச் செல் அடுக்கில் தோல் உண்டு, கொலீமாவுக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2014இல் இந்தக் குடும்பத்தின் பேரினங்களையே மாற்றி அமைத்தார்கள். பழைய கையேடுகளின் பெயர்கள் பல இன்று செல்லாது.

எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் முன்பே வாரிக்கொண்டு போனது. ஆஷ் மரத்தைக் கொல்லும் இன்னொரு பூஞ்சை 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. ஜெல்லி லைக்கனுக்கு மிச்சமுள்ள புகலிடங்களில் ஒன்று சிக்கமோர் மரம். ஆனால் அது அந்நிய மரம் என்று பல காடுகளில் வெட்டி அகற்றப்பட்டு வந்தது. முதிர்ந்த சிக்கமோரில் கோடரி வைக்கும்முன் அதன் பட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதே நியாயம்.