மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் கேளுங்கள்: "என்ன கோடு?"

சாவி போட்டதும் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

இன்ஜினிலும் சைலன்ஸர் குழாயிலும் உள்ள சென்சார்கள் அனுப்பும் அளவுகளைக் காரின் கம்ப்யூட்டர் ஓயாமல் சரிபார்க்கிறது. ஏதாவது அளவு தப்பினால் ஒரு கோடு (code) எண்ணைப் பதிந்துகொண்டு விளக்கைப் போடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 கார்களில் புகை தொடர்பான இந்தக் கண்காணிப்பு இன்னும் கறாரானது.

நிற்கலாமா, போகலாமா?

விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால், பதறாமல் ஓட்டிப்போய் ஓரிரு நாளில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்கோ இக்னிஷன் காயிலோ போயிருக்கலாம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். ஆயில் விளக்கோ சூடு காட்டும் விளக்கோ சிவப்பாக எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

கோடு அறிகுறிதான்

தெர்மாமீட்டர் 102 காட்டும். டெங்குவா, டைபாய்டா என்று சொல்லாது. கோடும் அப்படித்தான். 'பி0171' வந்தால், காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் சேரவில்லை என்று பொருள். ஹோஸில் விரிசல், அழுக்கேறிய காற்று சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் என எதுவும் காரணமாகலாம். எலி கடித்த வயர்கூட இந்த விளக்கை எரியவைக்கும். மெக்கானிக் சோதிக்காமல் "சென்சார் மாத்தணும் சார்" என்றால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

- ஜாப் கார்டில் எழுதிய கோடு எண்
- வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு
- கழற்றிய பழைய பாகம்
- வேலைக்குப் பின் மறுபடி ஸ்கேன் செய்த பிரதி
- பில்

கோடு எண்ணை அழிப்பது மட்டுமே பழுதுபார்ப்பு ஆகாது. கோளாறு இருந்தால் விளக்கு திரும்ப வரும். வாரண்டி இருந்தால், வெளியில் கைவைக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சரியாக வேலை செய்யாதது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் ஒர்க்‌ஷாப்பிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மேலே சொன்ன காகிதங்கள்தான் அங்கே சாட்சி.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: சாவி போடும்போதுகூட அந்த விளக்கு எரியவில்லையா? அதையே வேலை செய்யாதபடி ஆக்கியிருக்கலாம். ஸ்கேன் பண்ணிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.