சிறப்புக் கற்றல் தேவைகளின் வகைகள்

சிறப்புக் கற்றல் தேவைகள் என்பவை, வழக்கமான வகுப்பறைக் கற்பித்தலால் மட்டும் நிறைவு செய்ய இயலாத மாணவர்களின் தேவைகளைக் குறிக்கும். புலன், உடல், அறிவு, நடத்தை ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளால் இவை எழலாம். வயதுக்கு மிஞ்சிய திறன் கொண்ட மாணவர்களையும் கல்வியியல் இவ்வரிசையில் சேர்க்கிறது. வகைப்படுத்துவதன் நோக்கம் மாணவருக்குப் பெயர் சூட்டுவது அன்று. எவ்வகை உதவி தேவை என அறிவதே ஆகும்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்வகைகளை 21 ஆக உயர்த்தி, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்தது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வி பெறும் உரிமையை இச்சட்டம் அளிக்கிறது.

முதன்மை வகைகள்

* புலன் குறைபாடு: பார்வை அல்லது செவித்திறன் குறைவு. பிரெய்லி, பெரிய எழுத்து நூல்கள், காதொலிக் கருவி, சைகை மொழி ஆகியவை உதவும்.
* இயக்கக் குறைபாடு: பெருமூளை வாதம், தசைச்சிதைவு போன்றவை. சாய்தளம், ஏற்ற இருக்கை, இயன்முறைப் பயிற்சி தேவைப்படும்.
* அறிவுசார் குறைபாடு: சிந்தித்தல், அன்றாடச் செயல்கள் இரண்டிலும் வயதுக்குரிய வளர்ச்சி குறைந்திருத்தல். பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும்.
* ஆட்டிசம்: பிறருடன் பழகுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் இடர்ப்பாடு. மாறாத கால அட்டவணையும் பட அட்டைகளும் பயன்படும்.
* குறிப்பிட்ட கற்றல் குறைபாடு: வாசிப்பில் டிஸ்லெக்சியா, எழுதுவதில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா.
* மீத்திறன்: விரைந்து கற்கும் இவர்களுக்குச் சவாலான கூடுதல் பணிகள் தேவை.

வேறுபடுத்தி அறிதல்

கண்ணுக்குத் தெரியாததால் கற்றல் குறைபாடே பெரிதும் தவறாகக் கருதப்படுகிறது. இக்குறைபாடு உள்ள மாணவர் கேள்விகளுக்கு வாய்மொழியாகத் தெளிவாக விடை கூறுவார். அதையே எழுதச் சொன்னால் தடுமாறுவார். இதனால் 'சோம்பேறி', 'கவனமில்லாதவர்' என்ற பெயர் பெறுகிறார். மெல்லக் கற்போர் பெரும்பாலான பாடங்களில் சீராகப் பின்தங்குவர். கற்றல் குறைபாடு உடையவர் குறிப்பிட்ட திறனில் மட்டும் பின்தங்குவார்.

ல, ள, ழ அல்லது ந, ன, ண எழுத்துகளைக் குழப்புவது தொடக்க வகுப்பினர் பலரிடமும் காணப்படும். அது மட்டுமே குறைபாட்டின் அறிகுறி ஆகாது. போதிய பயிற்சிக்குப் பின்னும் குழப்பம் நீடித்தால் மதிப்பீடு தேவை. அதற்கு முன் பார்வையையும் செவித்திறனையும் சோதிப்பது அவசியம். கரும்பலகை சரியாகத் தெரியாத குழந்தையும் பிழையாகவே எழுதும்.

பள்ளிகளில் உதவி

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகின்றனர். விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் போன்ற கிராமப்புற ஒன்றியங்களில், தனியார் மதிப்பீட்டு நிலையங்களைத் தேடி நகரத்துக்குச் செல்ல இயலாத பெற்றோர் முதலில் அணுகத்தக்க இடம் இம்மையமே.

தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. இவற்றைப் பெறச் சான்றிதழ் தேவை. குறைபாட்டை உறுதி செய்வது மருத்துவர், உளவியலாளர் ஆகியோரின் பணி; ஐயம் எழும்போது அதைப் பதிவு செய்து பரிந்துரைப்பது வகுப்பாசிரியரின் பணி. பத்தாம் வகுப்புவரை காத்திருந்தால் தேர்வுச் சலுகை கிடைக்கலாம். இழந்த வாசிப்புப் பயிற்சி கிடைக்காது.